ஆறு வயசுப் பாப்பாவை நம்ம ஸ்போர்ட்ஸ் கலெக்ஷன் பக்கம் எப்படிக் கூட்டிட்டு வர்றது?

பெவிலியன் எண்டு (சென்னை), சனி இரவு 10.15

வணக்கம் மக்களே. இந்த ஃபோரம்ல வழக்கமா படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்கு ஒரு கேள்வியோட வந்திருக்கேன்.

என்கிட்ட இருக்கிறதைப் பெரிய கலெக்ஷன்னு சொல்ல முடியாது. அண்ணனும் நானும் சேர்த்த ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் படங்கள், ஒரு டப்பா பிக் ஃபன் பபிள்கம் அட்டை, 1999 உலகக் கோப்பை நேரத்துல பிரிட்டானியா பிஸ்கட் உறையில அச்சடிச்சிருந்த ரன்னை வெட்டிக் குடுத்து வாங்கின குட்டிப் புத்தகம், சேப்பாக்கம் டிக்கெட் துண்டுகள், ஐபிஎல் வந்தப்புறம் வாங்கின கிரிக்கெட் அட்டாக்ஸ் கார்டு ஒரு ஆல்பம். எல்லாம் பீரோ மேல ஒரு சூட்கேஸ்ல கிடக்கு.

பொண்ணு ஒண்ணாம் வகுப்பு. சூட்கேஸை இறக்கினப்போ பார்த்துட்டா. உட்கார்ந்து முழுசையும் பிரிச்சு வச்சா. எப்படின்னு நினைக்கிறீங்க? மீசை வச்சவங்க ஒரு கட்டு, மீசை இல்லாதவங்க ஒரு கட்டு. கபில்தேவ், கூச், டேவிட் பூன், மெர்வ் ஹியூஸ் எல்லாம் ஒரே டீம். அதுல மெர்வ் ஹியூஸுக்குத்தான் கேப்டன் பதவி, மீசை பெருசாம்.

எனக்கு மூணு கேள்வி. பழசைத் தொட விடலாமா? அவளுக்குன்னு தனியா எதாவது ஆரம்பிக்கலாமா, அப்படின்னா எதை? கடையில விக்கிற மூடின பாக்கெட் கார்டு வாங்கிக் குடுக்கறது சரியா? வீட்டம்மா அதைச் சீட்டாட்டம்னு சொல்றாங்க.

மிண்ட் கண்டிஷன் (பெங்களூரு), சனி இரவு 10.50

முதல் கேள்விக்கு ஒரே பதில்: தொட விடாதீங்க. ஆறு வயசுக் கையில எண்ணெய், பிஸ்கட் தூள், ஸ்கெட்ச் மை மூணும் இருக்கும். ஓரம் மழுங்கிட்டா கார்டு போச்சு. பிஎஸ்ஏ மாதிரி தரம் போடறவங்க ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் மார்க் குடுக்கறாங்க. பத்துக்கும் எட்டுக்கும் விலையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

பாப்பா பேர்ல சீல் பிரிக்காத பெட்டி ரெண்டு வாங்கி வைங்க. கல்யாணத்துக்கு உதவும். 1952ல டாப்ஸ் கம்பெனி போட்ட, மிக்கி மேன்டில்ங்கற பேஸ்பால் ஆட்டக்காரரோட கார்டு 2022ல ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்குப் போச்சு. பேஸ்பால் ஆளுங்க அதைச் சும்மா விளையாட்டாவா வச்சிருந்தாங்க?

ராமபாணம் (மதுரை), சனி இரவு 11.20

ஆமா தம்பி, சும்மா விளையாட்டாத்தான் வச்சிருந்தாங்க. அதனாலதான் அந்த விலை.

அந்த 1952 வரிசையோட கடைசிப் பகுதி சரியா விக்கலை. கிட்டங்கியில தேங்கிக் கிடந்த பெட்டிகளை 1960ல டாப்ஸ் கம்பெனியே ஏத்திட்டுப் போய் அட்லான்டிக் கடல்ல கொட்டுச்சு. மிச்சம் வெளியே போனதையும் பசங்க சைக்கிள் சக்கரத்துல சொருகினாங்க, அம்மாமார் குப்பையில போட்டாங்க. தப்பிச்சது கொஞ்சம், அதனால கோடி. இந்தக் கதையைக் கேட்டு எண்பதுகளின் கடைசியில அமெரிக்காவே பிரிக்காத பெட்டியா வாங்கி அடுக்குச்சு. கம்பெனிகளும் அடிச்சுத் தள்ளின. எல்லாரும் பத்திரமா வச்சதால இன்னைக்கு அந்தக் காலத்துக் கார்டுல பெரும்பாலானதுக்கு விலையே கிடையாது. அந்த ஊர் சேகரிப்பாளர்களே அதைக் குப்பைக் காலம்னுதான் சொல்றாங்க. கல்யாணத்துக்கு நகைச்சீட்டு கட்டுங்க.

பெவிலியன் சார், உங்க முதல் கேள்விக்கு என் பதில்: தொட விடுங்க, ஆனா எதைத் தொடலாம்னு நீங்க பிரிச்சு வைங்க. ஒரே படம் ரெண்டு இருக்கும் பாருங்க, அந்த ரெண்டாவது எல்லாம் அவளுக்கு. ஆட்டோகிராஃப், டிக்கெட் துண்டு, ஒத்தைப் பிரதி எல்லாம் கூட உட்கார்ந்து பார்க்கிறது. கையைக் கழுவித் துடைச்சுட்டு வந்தாப் போதும், கையுறை எல்லாம் வேண்டாம். கையுறை போட்டா நமக்கே விரல் தடுமாறித் தாள் கிழியும்.

ரெண்டு விஷயம் மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க.

ஒண்ணு, லேமினேஷன். நம்ம ஊர்ல ரேஷன் கார்டுலேர்ந்து தாத்தா போட்டோ வரைக்கும் லேமினேட் பண்ணித்தான் பாசத்தைக் காட்டுவோம். சூடு பட்டு ஒட்டினதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. ஸ்போர்ட்ஸ்டார் தாளை அப்படிக் குடுத்துட்டு வந்தவங்க கதை என்கிட்ட நிறைய இருக்கு.

ரெண்டு, அந்துருண்டை. பூச்சிக்குப் பயந்து சூட்கேஸ்ல போட்டிருந்தீங்கன்னா முதல்ல அதை எடுத்துடுங்க. வெள்ளையா உருண்டையா மிட்டாய் மாதிரியே இருக்கும், வாயில போட்டா நாப்தலீன் ரத்த அணுக்களை உடைக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவா இருக்கும், அவங்களுக்கு இன்னும் மோசம். சூட்கேஸைச் சுவரை ஒட்டி வைக்காம, சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் குழந்தை கைக்கு எட்டாதபடி அடி மடிப்புல வச்சு, அப்பப்போ காத்தாட விட்டாலே தாளைத் தின்னற என் பேர்க்காரப் பூச்சி கிட்ட வராது.

ட்ரம்ப் கார்டு (திருநெல்வேலி), ஞாயிறு காலை 7.05

அண்ணாச்சி, பூன் மீசைக்கும் மெர்வ் ஹியூஸ் மீசைக்கும் போட்டி வச்சா பாப்பா சொல்லுததுதான் நியாயம். மறு பேச்சே கிடையாது.

நான் சொல்லுதது இது. சேக்கறதை விட்டுத் தள்ளுங்க, முதல்ல வெளாடச் சொல்லிக் குடுங்க. நாங்க சின்னதுல டபிள்யூ டபிள்யூ இ மல்யுத்த ட்ரம்ப் கார்டு வச்சு வெளாடினதுல தான கணக்கே படிச்சோம். பெட்டிக்கடையில தொங்கும். ஒவ்வொரு கார்டுலயும் ரேங்க், உயரம், எடை போட்டிருக்கும். எடைன்னு கேட்டா பிக் ஷோ வச்சிருக்கவன் ஜெயிப்பான். உயரம்னு கேட்டா ரே மிஸ்டீரியோவ வச்சிருக்கவன் முழிப்பான். வகுப்புல கடைசி பெஞ்சுப் பயலுக்குக்கூட எந்த நம்பர் பெருசு, எந்த நம்பர் சின்னதுன்னு பொட்டுன்னு தெரியும்.

எம் பயலுக்கும் அதே வழிதான். ஆனா கிரிக்கெட். முத்தையா முரளிதரன் டெஸ்ட்ல 800 விக்கெட்டு, அந்தக் கார்டு வந்தா விக்கெட்டுன்னு கேக்கணும். லாரா வந்தா அதிகபட்ச ரன் 400, கண்ண மூடிட்டு கேளு. சச்சின் வந்தா எத்தன மேட்ச், 200. அவனுக்குப் பிடிச்ச கார்டு எதுன்னு கேளுங்க. நம்ம பி.எஸ்.சந்திரசேகர். டெஸ்ட்ல எடுத்த ரன் 167, விக்கெட்டு 242. ரன்னை விட விக்கெட்டு கூட! அதக் கண்டுபிடிச்ச அன்னைக்கு வீடு ரெண்டாச்சு. அப்புறம் அவனா தேடி நியூசிலாந்து கிறிஸ் மார்ட்டினப் புடிச்சான், 123 ரன், 233 விக்கெட்டு. இப்ப இந்த மாதிரி ஆளுகளுக்குன்னே தனி டப்பா. பேரு 'மட்டையே தெரியாதவங்க'.

கணக்கு டீச்சர் (ஈரோடு), ஞாயிறு காலை 9.30

மூணாவது கேள்விக்கு நான் வர்றேனுங்க. சீட்டாட்டம்னு உங்க வீட்டுல சொல்றதுல பாதி நியாயம் இருக்குதுங்க.

100 அட்டை கொண்ட ஒரு வரிசைன்னு வச்சுக்குவோம். எல்லா அட்டையும் ஒரே அளவுல கலந்து வருதுன்னே வைங்க. யார்கிட்டயும் மாத்திக்காம கடையில மட்டும் வாங்கினா, வேற வேற 50 அட்டை சேர சராசரியா 69 அட்டை வாங்கினாப் போதும். மீதி 50 சேர இன்னும் 450 அட்டை வேணும். கடைசி ஒத்தை அட்டைக்கு மட்டுமே சராசரி 100. பாக்கெட்டுக்கு அஞ்சுன்னா அந்த ஒண்ணுக்காக இருபது பாக்கெட். பாதி ஆல்பம் சீக்கிரம் நிறையறப்ப குழந்தைக்கு வர்ற சந்தோஷம் இருக்குதே, அதுலதான் வியாபாரமே நிக்குது. கத்தார் 2022 கால்பந்து உலகக் கோப்பைக்கு பனினி கம்பெனி போட்ட ஆல்பத்துல 670 ஸ்டிக்கர். இதே கணக்குல தனியாளா முடிக்கணும்னா ஏறக்குறைய 950 பாக்கெட்.

இதை ஆறு வயசுக்கு எப்படிச் சொல்றதுன்னு கேப்பீங்க. லூடோ தாயக்கட்டை எடுங்க. ஒண்ணு முதல் ஆறு வரைக்கும் ஒரு தாள்ல கட்டம் போடுங்க. உருட்டி வர்ற எண்ணுக்கு ஒரு டிக். ஆறு கட்டமும் நிறைய எத்தனை தடவை உருட்டணும்னு பாருங்க. சராசரி பதினஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. சில நாள் பத்துல முடியும், சில நாள் முப்பதாகியும் அந்தப் பாழாப்போன நாலு விழாது. எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் செய்ய வச்சிருக்கேன். "டீச்சர், அவகிட்ட நாலு ரெண்டு இருக்கு, நான் எங்கிட்ட இருக்கற மூணு குடுத்தா தருவாளா?"ன்னு தானா ஒரு பையன் கேட்டான். மாத்திக்கறதுங்கிறதை நான் சொல்லித் தரவே இல்லீங்க.

அதனால பாக்கெட் வாங்கறதுன்னா, மாத்திக்க ரெண்டு மூணு பிள்ளைகள் இருக்கற இடத்துல வாங்குங்க. அக்கம்பக்கத்துல வேற யாருமே சேர்க்கலைன்னா வேண்டாம்னு நினைக்கறேன். தனியா உட்கார்ந்து பாக்கெட் பிரிச்சுட்டே இருக்கறதுக்கும் உங்க வீட்டம்மா சொன்னதுக்கும் பெரிய தூரமில்லீங்க.

மிண்ட் கண்டிஷன், ஞாயிறு காலை 10.10

டீச்சர், 'ஒரே அளவுல கலந்து வருது'ங்கறதே தப்பு. சில கார்டு வேணும்னே கம்மியா அச்சடிப்பாங்க.

கணக்கு டீச்சர், ஞாயிறு காலை 10.25

அப்படின்னா என் கணக்கை விட நிலைமை இன்னும் மோசம்னு ஆகுதுங்க. நீங்க எந்தப் பக்கம்?

ஸ்கார்பரோ அம்மா (டொராண்டோ), ஞாயிறு மாலை 5.40

நான் யாழ்ப்பாணத்துக்காரி, இப்ப கனடாவில. இஞ்ச ஒவ்வொரு வருசமும் இலையுதிர்காலம் வந்தால் டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடையில ஹொக்கி கார்ட் வரும். கோப்பியோ சூடான சொக்லேற்றோ வாங்கினால் பாக்கெட் மலிவு. என்ர மனுசன் ஹொக்கி பாக்கிறதே இல்லை, அவருக்குக் கிரிக்கெட் தான் உயிர். ஆனால் மகன் இஞ்ச பிறந்தவன், அவனுக்கு ஏழு வயசு, ஹொக்கி எண்டால் சாப்பாடும் வேண்டாம்.

ஒருத்தரும் கதைக்காத ஒண்டைச் சொல்லுறன். மாத்திறது. டீச்சர் சொன்னது சரி, மாத்தாமல் ஆல்பம் நிறையாது. ஆனால் பள்ளிக்கூடத்தில பெரிய பெடியள் சின்னதுகளை ஏமாத்துவினம். என்ர மகன் பெரிய வீரர் ஒராளின்ர மினுக்கிற கார்டைக் குடுத்திட்டு, பேர் தெரியாத, கோல் காக்கிற ஒராளின்ர கார்டை வாங்கிக்கொண்டு வந்தான். இவர் துள்ளிக் குதிச்சார், பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் எடுக்கப் போறன் எண்டு. மகன் அமைதியா, "அப்பா, அந்த மாஸ்கில ஓநாய் கீறியிருக்கு, பாருங்கோ" எண்டான். கோல் காக்கிற ஆக்கள் தங்கட முகமூடியில படம் கீறுவினம் தானே. அவனுக்கு அது தான் பெறுமதி. ஆர் ஏமாந்தது?

எண்டாலும் வீட்டில ஒரு சட்டம் வச்சிருக்கிறம். எந்தக் கார்டையும் அண்டைக்கே மாத்தக் குடாது. ஒரு இரவு போகட்டும். அடுத்த நாளும் அதே எண்ணம் எண்டால் மாத்து. குடுத்த பிறகு திருப்பிக் கேக்கிறதும் இல்லை, அம்மா அப்பா தலையிடுறதும் இல்லை.

பெவிலியன் எண்டு, ஞாயிறு இரவு 9.00

அக்கா, அந்த ஒரு ராத்திரி சட்டத்தை அப்படியே எடுத்துக்கறேன். ஓநாய் மாஸ்க்கைச் சொன்னேன், உடனே எனக்கும் அந்தக் கார்டு வேணும்கறா. போச்சு!

ராமபாணம் சார், அந்துருண்டை இருந்துச்சு. எடுத்தாச்சு. நன்றி.

அஞ்சல் பெட்டி (கும்பகோணம்), ஞாயிறு இரவு 9.45

நான் ஓய்வு பெற்ற தபால் துறைக்காரன். ஆகவே என் பக்கத்துக்குக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு ஏற்ற விளையாட்டுச் சேகரிப்பு என்றால் தபால்தலைதான் என்பேன். விளையாட்டும் தபால்தலையும் பழைய உறவுக்காரர்கள். 1896இல் ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது கிரேக்க அரசு 12 தபால்தலைகள் வெளியிட்டது. அவற்றை விற்ற பணம் போட்டிச் செலவுக்கே உதவியது. நம் நாட்டில் 2013 நவம்பர் 14 அன்று, சச்சின் தன் 200ஆவது டெஸ்டை வான்கடேயில் ஆடத் தொடங்கிய நாளில், அவருக்குத் தபால்தலை வந்தது. குழந்தைகள் தினமும் அதே நாள்தான் என்பதைப் பேத்திக்குச் சொன்னபோது, "அப்போ எனக்கு ஏன் ஸ்டாம்ப் போடலை?" என்றாள். நியாயமான கேள்வி.

ஆறு வயதில் தபால்தலையை விடத் தபால்தலையை ஊறவைப்பதுதான் அதிகம் பிடிக்கும். உறையில் ஒட்டியிருப்பதைச் சுற்றிலும் தாள் விட்டு வெட்ட வேண்டும். அகலத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர். தபால்தலையின் படம் மேலே பார்க்க மிதக்க விட வேண்டும். கால் மணி, இருபது நிமிடத்தில் பசை இளகித் தாள் தானாக நழுவும். இழுக்கக் கூடாது, அது நழுவும் வரை காத்திருப்பதுதான் ஆட்டமே. பிறகு பழைய செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெள்ளைத் துணியில் கவிழ்த்து உலர்த்திக் கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு நாள் வைக்க வேண்டும். முனை மழுங்கிய இடுக்கி வாங்கிக் கொடுங்கள், ஒரே வாரத்தில் விரலை விட லாவகமாகப் பிடித்துவிடுவாள்.

இப்போதெல்லாம் வரும் உறைகளில் தலை எங்கே இருக்கிறது, எல்லாம் இயந்திர முத்திரை என்பீர்கள். உண்மைதான். அதற்குத்தான் தபால்தலை வைப்புக் கணக்கு இருக்கிறது. 200 ரூபாய் கட்டி அஞ்சல் நிலையத்தில் தொடங்கலாம். புதுத் தலைகள் வீட்டுக்கே வரும். சென்னையில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் தபால்தலைப் பிரிவு இருக்கிறது, கவுண்டரில் அவளே காசு கொடுத்து வாங்கட்டும். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை இந்தப் பொழுதுபோக்குக்கு ஸ்பர்ஷ் என்று ஒரு உதவித்தொகையும் உண்டு, ஆண்டுக்கு 6,000 ரூபாய். உங்கள் பெண்ணுக்கு இன்னும் காலமிருக்கிறது, காதில் போட்டு வைக்கிறேன்.

ட்ரம்ப் கார்டு, ஞாயிறு இரவு 10.15

ஐயா, ஸ்டாம்பு செலவுன்னு நினைக்கவுகளுக்கு ஓசியில ஒண்ணு சொல்லட்டுமா. சில்லறைக் காசு. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு 2 ரூபா, 5 ரூபா நாணயம் அடிச்சாங்க, இன்னும் கடையில மீதிச் சில்லறையோட வரும். 1982 ஆசிய விளையாட்டுக்கு 25 பைசாவும் 2 ரூபாவும் வந்துது. அந்த 25 பைசா 2011லேருந்து செல்லாக் காசு, தாத்தா பாட்டி உண்டியல்ல தேடுனா கெடைக்கும். எம் பய மளிகைக்கடையில மீதிச் சில்லறைய வாங்கிக் கண்ணுல ஒத்திப் பாத்துட்டுத்தான் எங்கிட்ட குடுப்பான். கடைக்காரர் இப்ப அவனுக்குன்னு எடுத்து வைக்காரு.

ராமபாணம், ஞாயிறு இரவு 10.40

அருமை. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தக் காசைப் புளி போட்டுத் தேய்ச்சுப் பளபளப்பாக்கிடாதீங்க. குழந்தைங்க ஆசையாச் செய்யும், மேல் படலமே போயிடும். வீட்டுல மூணு வயசுக்குக் கீழே இன்னொண்ணு இருந்தா, காசு தரை மட்டத்துலயே இருக்கக் கூடாது.

பெவிலியன் எண்டு, புதன் இரவு 9.30

இழை எங்கேயோ போயிடுச்சு, சந்தோஷம். ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கு.

டபுள் பிரதியை எல்லாம் அவகிட்ட குடுத்தேன். மீசைக் கட்டு, மீசையில்லாத கட்டுன்னு அடுக்கிட்டே வந்தவ திடீர்னு நிறுத்திட்டுக் கேட்டா: "எல்லாம் அங்கிளாவே இருக்காங்க. ஹர்மன்பிரீத் எங்கே?" 2025 நவம்பர்ல நவி மும்பையில நடந்த பெண்கள் உலகக் கோப்பை ஃபைனலைக் கூட உட்கார்ந்து பார்த்தவ. தென்னாப்பிரிக்காவை 52 ரன்ல ஜெயிச்சப்போ என்னை விட அதிகமாக் கத்தினவ. அவளுக்குக் கிரிக்கெட்னா முதல்ல ஞாபகம் வர்ற முகமே தீப்தி சர்மா. சூட்கேஸ் முழுக்கத் துழாவினேன். ஒரு படம்கூட இல்லை. இத்தனை வருஷச் சேகரிப்புல ஒண்ணே ஒண்ணு இல்லை!

இதுக்கு என்ன பண்றது? வாங்கறதுக்கு எதாவது இருக்கா?

மிண்ட் கண்டிஷன், புதன் இரவு 9.50

வெளிநாட்டு வரிசைகள்ல கொஞ்சம் வருது, இறக்குமதி, விலை கடி. நம்ம ஊர் ஆன்லைன் கடைகள்ல சில பேர் இணையத்துப் படத்தை எடுத்து அவங்களே அச்சடிச்சு ஒரிஜினல்னு விக்கறாங்க, பார்த்து.

இதுல ஒண்ணு சொல்லணும். ஆண்கள் கார்டு மாதிரி கோடிக்கணக்குல அச்சடிக்காததால, இன்னைக்கு வர்ற பெண்கள் கார்டு பின்னாடி அரிதாகலாம். நான் பணத்தைச் சொல்றேன்னு திட்டாதீங்க, பாப்பாவோட கண்ணு சரியான இடத்துல இருக்குன்னு சொல்றேன்.

கணக்கு டீச்சர், வியாழன் காலை 6.45

வாங்க வேண்டாமுங்க. செய்யுங்க.

கார்டோட வழக்கமான அளவு ரெண்டரை அங்குலத்துக்கு மூணரை அங்குலம். ஒரு ஏ4 தாள்ல மூணுக்கு மூணு, ஒம்பது கார்டு கச்சிதமா அடங்கும். கொஞ்சம் கனமான சார்ட் பேப்பர். முன்பக்கம் அவளே வரையட்டும், இல்லைன்னா பேப்பர்ல வர்ற படத்தை வெட்டி ஒட்டட்டும். பின்பக்கம் எண்கள். மிதாலி ராஜ், ஒருநாள் போட்டியில 7,805 ரன். ஜூலன் கோஸ்வாமி, 255 விக்கெட். உங்க ஊர்க்காரங்களையும் விட்டுறாதீங்க. சென்னைப் பொண்ணு திருஷ் காமினி 2013 உலகக் கோப்பையில வெஸ்ட் இண்டீசுக்கு எதிரா சரியா 100 அடிச்சாங்க, உலகக் கோப்பையில சதம் போட்ட முதல் இந்தியப் பெண் அவங்கதானுங்க. தீப்திக்கு அந்த ஃபைனல் ஒண்ணு மட்டுமே போதும்: 58 ரன், 5 விக்கெட்.

கமாவை எங்க வைக்கறதுன்னு அவளைக் கேளுங்க. ஒண்ணாம் வகுப்புக்கு ஆயிரம் இன்னும் வந்திருக்காது. பரவாயில்லை, கார்டுக்காக வந்துரும்.

ட்ரம்ப் கார்டு, வியாழன் காலை 7.20

டீச்சர் சொன்னா சரிதான். ஆனா ஒரு சட்டச் சிக்கல். மிதாலியோடது ஒருநாள் போட்டி நம்பர், எங்க கட்டுல இருக்கறது டெஸ்டு நம்பர். ரெண்டையும் ஒரே ஆட்டத்துல கலந்தா எம் பய ஒத்துக்கிட மாட்டான். ஓரத்துல சிவப்புக் கோடு போட்டா டெஸ்ட், நீலக் கோடு போட்டா ஒருநாள்னு வச்சுக்கிடலாம்.

ஸ்கார்பரோ அம்மா, வியாழன் மாலை 6.00

அய்யோ நல்ல யோசினை. என்ர மகனுக்கும் காட்டினன். அவன் தன்ர அம்மம்மாவுக்கு ஒரு கார்ட் செய்யிறானாம். அவ யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடக் காலத்தில வலைப்பந்து ஆடினவ. பின்பக்கத்தில போட எண் வேணும் எண்டு வட்ஸப்பில அவவைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவ எத்தினை கோல் அடிச்சனான் எண்டு ஞாபகமில்லை எண்டிறா, இவன் விடுறான் இல்லை.

பெவிலியன் எண்டு, ஞாயிறு இரவு 8.30

ஒம்பது கார்டு தயார். எல்லாருக்கும் நீலச் சட்டை, எல்லாரும் சிரிக்கிறாங்க, தீப்திக்கு மட்டும் கை ரொம்ப நீளம். பந்து போடறதாம். பின்பக்கத்துல ரன், விக்கெட்டோட மூணாவதா ஒரு வரி அவளே சேர்த்திருக்கா: 'ஜடை: உண்டு / இல்லை'. ட்ரம்ப் கார்டு ஆட்டத்துல அதையும் கேக்கலாமாம். ஜடை இருந்தா ஜெயிப்பு. நேத்து சந்திரசேகரை வச்சு ஆடி அந்த வரியில தோத்தேன்.

இப்ப என் கேள்வி ராமபாணம் சாருக்கு: இதைப் போட்டு வைக்க எந்த உறை? ஸ்டேஷனரி கடையில ஒம்பது பை வச்ச பிளாஸ்டிக் தாள் விக்கிறாங்க. ஒண்ணு வழவழன்னு நெடியடிக்குது, இன்னொண்ணு மொடமொடன்னு இருக்கு.

ராமபாணம், ஞாயிறு இரவு 8.55

நெடியடிக்கிறது பிவிசி. நம்ம வெயிலுக்கு நாள்பட்டா பிசுபிசுத்து மையை உரிச்சு எடுத்துடும். மொடமொடப்பா, நெடி இல்லாம இருக்கிறது பாலிபுரொப்பிலீனா இருக்கும், அதையே வாங்குங்க. ஸ்கெட்ச் பேனாவுல வரைஞ்சிருந்தா நல்லாக் காயவிட்டு மறுநாள் போடுங்க, மெழுகுக் கிரேயான்னா இடையில ஒரு மெல்லிசுத் தாள் வைங்க. ஸ்கெட்ச் மை வெளுக்கும், அதனால மொபைல்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க. உங்க மெர்வ் ஹியூஸையும் அதே பையில போடலாம், சண்டை வராது.

ட்ரம்ப் கார்டு, ஞாயிறு இரவு 9.10

பெவிலியன் அண்ணாச்சி, எம் பயகிட்ட 2010 காமன்வெல்த் 2 ரூபா டபுளா கெடக்கு. பாப்பா வரைஞ்ச மிதாலி கார்டு ஒண்ணு தந்தா அந்தக் காசத் தாரேங்கான். ஒரு ராத்திரி யோசிச்சுட்டானாம். கூரியர் செலவு என் பாடு.

பெவிலியன் எண்டு, ஞாயிறு இரவு 9.35

கேட்டேன். மிதாலி தர மாட்டாளாம், வேணும்னா இன்னொண்ணு புதுசா வரைஞ்சு தருவாளாம். அதுக்கு 2 ரூபா பத்தாது, 5 ரூபா காசும் சேர்த்து வேணுமாம்.